அக்கரையில் கேட்ட இலங்கை வானொலி: கடலும் வானமும் சுமந்த குரல்

வெள்ளவத்தையில் அம்மம்மாவின் வீட்டு வானொலிப் பெட்டிக்கு இரண்டு திசைகள் இருந்தன. பகலில் அது எப்படியும் நிற்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், “றேடியோவைப் பம்பலப்பிட்டிப் பக்கம் பார்க்க வை பிள்ளை, திருச்சி வரும்” என்பார். பெட்டியின் நீளப்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும், செப்புக் கம்பி சுற்றிய கரிய பெரைட் கோல்தான் மத்திய அலைக்குரிய அன்டெனா. அலை வரும் திசைக்குக் கோல் குறுக்காகக் கிடந்தால் ஒலி உரக்கக் கேட்கும். அதே திசையில் நீட்டி வைத்தால் அடங்கிப்போகும். கொழும்பிலிருந்து திருச்சி ஏறத்தாழ வடக்கே இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டியும் அப்படியே. இயற்பியல் படிக்காமலே அம்மம்மா சரியான கோணத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

திருச்சியைக் கொழும்புக்குக் கொண்டுவந்த அதே வழியில்தான் இலங்கை வானொலி தமிழ்நாட்டுக்குப் போனது. இந்தியாவில் அரசு வானொலி 1952 இல் திரையிசைக்கு இடம் குறைத்ததால் நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள் என்று வழமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பாடல் தேடிய காதுக்கு அந்தப் பாடல் கேட்கவும் வேண்டுமே! அந்த மறுபாதிக் காரணம் கடல்நீரிலும், தலைக்கு மேலே முந்நூறு கிலோமீற்றர் உயரத்திலும் இருக்கிறது.

மத்திய அலை என்பது ஏறத்தாழ 530 முதல் 1600 கிலோஹேட்ஸ் வரையான மீடிறன்களை, அதாவது அதிர்வெண்களை, குறிக்கும். 1000 கிலோஹேட்ஸில் ஓர் அலையின் நீளம் 300 மீற்றர். இத்தனை நீளமான அலை நிலத்தைத் தழுவியபடியே பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து செல்லும். ஆனால் போகும் வழியெல்லாம் நிலம் அதன் சக்தியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மின்னை நன்றாகக் கடத்தும் பரப்பின் மேல் இந்த இழப்பு குறைவு. உப்புக் கடல்நீர் உலர்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாக மின்னைக் கடத்துவது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணமும் தூத்துக்குடியும் ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் தொலைவில்தான் உள்ளன; ஆயினும் தூத்துக்குடிக்குப் போகும் பாதையின் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்பு. அரசியல் வரைபடத்தில் எல்லையாகத் தெரியும் அந்தக் கடல், வானொலி அலைக்கு நல்ல தார் வீதி.

இரவில் கதை மாறுகிறது. சூரியக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுவதால் அயன்மண்டலம் உருவாகிறது. அதன் கீழ்த்தட்டு 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஓரளவு செறிவாக உள்ளதால், அலையால் அசைக்கப்படும் இலத்திரன்கள் மூலக்கூறுகளில் மோதிச் சக்தியை இழக்கின்றன. மேலே எழும் மத்திய அலை பகலில் அங்கேயே அடங்கிவிடுகிறது. சூரியன் மறைந்து சிறிது நேரத்துக்குள் இந்தத் தட்டு கரைந்துபோக, அலை அதற்கும் மேலே உள்ள தட்டுகளை எட்டி, வளைந்து, பல நூறு கிலோமீற்றர் தள்ளித் தரையிறங்குகிறது. வானத்திலிருந்து இறங்கும் அலையும் தரையோடு வரும் அலையும் ஒரே பெட்டியில் சந்திக்கும்போது சில நேரம் ஒன்றையொன்று கூட்டும், சில நேரம் அழிக்கும். இரவுப் பாடல் அலைபோல ஏறி இறங்கிக் கேட்பதன் காரணம் இதுவே. பெட்டி பழுது என்று அதன் தலையில் தட்டியவர்கள் எத்தனை பேரோ!

மத்திய அலையைவிட நீளம் குறைந்த சிற்றலையின் வழி வேறு. அதைச் சொல்லக் கொழும்பு ஒலிபரப்பின் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். 1923 இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பியை அமைத்தார் என்பது வரலாறு. முறையான சேவை 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் தன் படையினருக்காகக் கொழும்பில் வானொலி நடத்தியது. அதற்கென ஜா-எலவுக்கு அருகே ஏக்கலவில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பிதான் பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்த பெரும் சொத்து. 25 மீற்றர் அலைவரிசையில் அலை கீழ்த்தட்டைப் பகலிலும் ஊடுருவி, 200 கிலோமீற்றருக்கு மேலுள்ள தட்டில் வளைந்து திரும்பும். அப்படி ஒரே தாவலில் அது ஆயிரம், ஈராயிரம் கிலோமீற்றர் கடந்துவிடுவதால், தாவலுக்கு அடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. சுமார் 1500 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பம்பாய்க்குத் தெளிவாகப் போகும் சிற்றலை கண்டியைத் தாண்டிப் பறந்துவிடக்கூடும். அதனால்தான் உள்நாட்டுக்கு மத்திய அலையும் வெளிநாட்டுக்குச் சிற்றலையும் வேண்டியிருந்தன.

இந்த அலைகள் அறிவிப்பாளரின் நாவையும் பழக்கின என்பது என் கருத்து. மத்திய அலை நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேட்ஸ் இடைவெளிதான் உண்டு. எனவே பெட்டியில் கேட்கும் ஒலி ஏறத்தாழ 4500 ஹேட்ஸோடு முடிந்துவிடும். ‘ஸ’ என்ற சீறலின் சக்தியில் பெரும்பங்கு அதற்கு மேலே இருப்பதால் அது மழுங்கும். ழகரத்தை அடையாளம் காட்டும் அதிர்வுகளோ 2000 ஹேட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ அமைவதால், இரைச்சலுக்கு நடுவிலும் பிழைத்துக்கொள்ளும், சொல்பவர் அதை ஒழுங்காகச் சொன்னால்! எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் ல, ள, ழ மூன்றையும் பிரித்து, சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் பேசிய தமிழ் அக்கரையில் உச்சரிப்புக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வேலைக்குப் புறப்பட்ட வீடுகள் கடலின் இருபுறமும் இருந்தன.

இன்று இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையான ‘தென்றல்’ பண்பலையில் ஒலிக்கிறது. 100 மெகாஹேட்ஸ் அளவிலான அலை நிலத்தைத் தழுவாது, அயன்மண்டலத்திலும் பெரும்பாலும் வளையாது. கண்ணுக்கெட்டும் தொடுவானத்தைச் சற்றே தாண்டியதும் தேய்ந்துவிடும். நாட்டின் மிக உயர்ந்த இடமான 2524 மீற்றர் பீதுருதாலகால உச்சியில் ஒலிபரப்பியை வைத்தாலும் அதன் தொடுவானம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். அங்கிருந்து தூத்துக்குடி 350 கிலோமீற்றர். குளிர்ந்த கடற்காற்றின் மேல் சூடான காற்று படியும் சில மாலைகளில் மட்டும் அவ்விரண்டின் இடைப்பரப்பு ஒரு குழாய்போல அலையை அடக்கிக் கடல் கடத்திச் செல்லும். அப்போது தென்தமிழ்நாட்டுக் கரையோர வீடொன்றில் கொழும்புப் பண்பலை திடீரெனத் தெளிவாகக் கேட்டு, காற்று மாறியதும் பாட்டின் நடுவிலேயே காணாமல் போகும்.