தரவை நகர்த்தாமல் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

"வாடிக்கையாளர் பட்டியல் போஸ்ட்கிரஸில் இருக்கிறது, பில்கள் எல்லாம் மைஎஸ்க்யூஎல்லில். எதையும் நகலெடுக்காமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டும் தரவுதள மென்பொருள்கள். முடியும். இதற்கென்றே உள்ள மென்பொருள்களில் ஒன்று ட்ரினோ. 2012-இல் ஃபேஸ்புக்கில் பிரெஸ்டோ என்ற பெயரில் பிறந்தது. அடுத்த ஆண்டே ஓப்பன் சோர்ஸ் ஆனது. உருவாக்கியவர்கள் அங்கிருந்து விலகித் தனியாக வளர்த்த கிளைக்கு 2020 டிசம்பரில் இன்றைய பெயர் வந்தது.

நிறுவுவது எளிது. ஒவ்வொரு தரவுதளத்துக்கும் கேட்லாக் ஃபோல்டரில் ஒரு சின்ன கோப்பு: எந்த கனெக்டர் (அந்த வகைத் தரவுதளத்தோடு ட்ரினோவை இணைக்கும் பகுதி), எந்த முகவரி, யூசர் பெயர், பாஸ்வேர்ட். நாலே வரிகள். அந்த யூசருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். ட்ரினோ சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு கேட்லாக் (அந்தக் கோப்பின் பெயர்), ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு), டேபிள் மூன்றையும் புள்ளி வைத்து எழுதினால், தரவுதளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒரே வினவலில் இரண்டு தரவுதளங்களையும் ஜாயின் செய்யலாம், அதாவது பொதுவான நெடுவரிசையை வைத்துச் சேர்க்கலாம்.

உண்மையான அழகு இதற்குப் பிறகுதான். மதுரை வாடிக்கையாளர்களின் பில்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் டேபிளில்தான் ஊர்ப்பெயர் உண்டு; பில் டேபிளில் வாடிக்கையாளர் எண் மட்டும். ஊரை வைத்து பில்களை வடிகட்ட மைஎஸ்க்யூஎல்லால் முடியாது. அப்படியானால் கோடிக்கணக்கான பில்களும் நெட்வொர்க்கில் வந்து சேர வேண்டுமா?

வேண்டாம். ட்ரினோ முதலில் சின்னப் பக்கத்தைப் படிக்கிறது. 'ஊர் மதுரை' என்ற நிபந்தனையை போஸ்ட்கிரஸிடமே அனுப்பிவிடுவதால் தகுதியான வரிகள் மட்டுமே வருகின்றன. அவற்றிலுள்ள வாடிக்கையாளர் எண்களைத் திரட்டுகிறது. அதுவரை பில் பக்கத்தைத் தொடாமல், இயல்பாக 20 விநாடி வரை காத்திருக்கிறது. பிறகு, நாம் எழுதாத ஒரு புது நிபந்தனையைத் தானே சேர்த்து மைஎஸ்க்யூஎல்லிடம் கேட்கிறது: இந்த எண்களுக்குரிய பில்களை மட்டும் கொடு. வினவல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிடைத்த பாதி விடை, மீதி வினவலைச் சுருக்கிவிடுகிறது! டைனமிக் ஃபில்டரிங் என்கிறார்கள்.

எண்கள் மிக அதிகமானால்? இந்த கனெக்டர்களில் 256-க்கு மேல் போனால் பட்டியலை விட்டுவிட்டு, மிகச் சிறிய எண்ணிலிருந்து மிகப் பெரிய எண் வரை என்று வீச்சாக மாற்றிவிடும். கூடுதலாக வந்துவிடும் வரிகளை ட்ரினோவே கழித்துக்கொள்ளும். வேகம் குறையலாம், விடை மாறாது.

ஒரு பக்கத்து மதிப்புகளை மறுபக்கத்துக்கு அனுப்பிச் சலித்தெடுக்கும் இந்த எண்ணம் பழையது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் நிதியில் 1970-களில் உருவான எஸ்டிடி-1 என்ற அமைப்பு, செமிஜாயின் என்ற பெயரில் இதையே செய்தது. அன்று நெட்வொர்க் மெதுவாக இருந்ததால், ஒவ்வொரு பைட்டையும் எண்ணி அனுப்ப வேண்டியிருந்தது. 'உடனடிப் பயன் என்ன' என்று கேட்டு இத்தகைய ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பயன் நமக்கு இலவச மென்பொருளாக வந்திருக்கிறது.

சின்னப் பக்கம் எது என்று ட்ரினோவுக்குத் தெரிய வேண்டுமே. போஸ்ட்கிரஸ் தன் டேபிள்களைப் பற்றி வைத்திருக்கும் புள்ளிவிவரங்களைத்தான் அது கேட்டு வாங்குகிறது. ஆகவே அங்கே அந்தப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள்.

எழுத்துத் தரவில் கூடுதல் கவனம் தேவை. மைஎஸ்க்யூஎல், ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகக் கருதி ஒப்பிடக்கூடும்; ட்ரினோ வேறாகக் கருதும். விடை பிசகக்கூடாது என்பதால், எழுத்து நெடுவரிசை மீதான நிபந்தனை எதையும் ட்ரினோ மைஎஸ்க்யூஎல்லுக்கு அனுப்புவதில்லை. வரிகளை வாங்கித் தானே வடிகட்டுகிறது. வாடிக்கையாளர் டேபிள் மைஎஸ்க்யூஎல்லில் இருந்திருந்தால், ஊரை வைத்து வடிகட்ட அது முழுவதும் வந்திருக்கும். வேகத்தை விட்டுக்கொடுத்துச் சரியான விடையைக் காக்கும் இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் வினவலில் என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்பிளெயின் கட்டளை காட்டும். டேபிளைப் படிக்கும் படியில் ஃபில்டர் தனியாகத் தெரிந்தால், அந்த நிபந்தனை தரவுதளத்துக்கு முழுதாகப் போகவில்லை என்று பொருள்.