"கேஸ்தான் டாக்டரம்மா, வேற ஒண்ணுமில்ல"

காலைல ஆறே முக்கால் இருக்கும். தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல கீழ என் கிளினிக், மேல வீடு. யாரோ ஷட்டரைத் தட்டுறாங்களேன்னு எறங்கிப் பாத்தா நம்ம இட்லி அண்ணாச்சி. அந்த நேரத்துக்கு சைக்கிள்ல பாத்திரத்தைக் கட்டி, பாம் பாம்னு ஹார்ன் அடிச்சுக்கிட்டு மாஹிம் பக்கம் சுத்திட்டிருக்க வேண்டிய மனுஷன். "டாக்டரம்மா, ராத்திரியில இருந்து ஒரே கேஸு. ஈனோ கரைச்சுக் குடிச்சேன், ரெண்டு ஏப்பம் வந்துச்சு, லேசாச்சு, மறுபடி அடைக்கி. ஒரு ஊசி போட்டு விட்ருங்க, இட்லி ஆறிரும்."

அது டிசம்பர் மாசம். சட்டைக் காலரும் முதுகும் தண்ணில முக்குன மாதிரி நனைஞ்சிருந்துச்சு. எங்க அண்ணாச்சி பண்ணுதுன்னு கேட்டா ஒரு விரலால தொட்டுக் காட்டல, மேல்வயித்துல இருந்து நெஞ்சு வரைக்கும் உள்ளங்கையால தடவிக் காட்டுறாரு. வயசு அம்பது, எட்டு வருஷமா சுகர். ஊசி இருக்கட்டும் முதல்ல படுங்கன்னு ஈசிஜி எடுத்தேன். ரெண்டு, மூணு, ஏவிஎஃப்னு இதயத்தோட அடிப்பக்கத்தைக் காட்டுற மூணு லீட்லயும் கோடு மேல தூக்கி நிக்குது, அங்கதான் அட்டாக். அலர்ஜி, அல்சர் ஏதும் இருக்கான்னு கேட்டுட்டு ஆஸ்பிரினை மென்னு முழுங்கக் குடுத்து, பக்கத்து வீட்டுப் பையனைக் கூட ஏத்தி டாக்ஸில சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஏறும்போதும் சொல்லிட்டுத்தான் போறாரு, "கேஸ்தான் டாக்டரம்மா, நீங்க பயப்படாதீங்க"ன்னு.

கேஸ்ங்கிற இந்த ஒத்த வார்த்தையோடதான் என் பொழப்பு தினமும் ஓடுது. சிலிண்டரும் கேஸ், வயித்து உப்புசமும் கேஸ், ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துக்குக் குடுக்கிறதும் கேஸ், அமெரிக்காவுல இருக்கிற அக்கா பையன் கார்ல ஊத்துற பெட்ரோலும் கேஸ். இது பத்தாதுன்னு நம்ம தமிழ் எழுத்துல கோர்ட் கேஸும் அதே கேஸ், பேஷண்ட்டும் கேஸ், சோடா பாட்டில் அடுக்குற பெட்டியும் கேஸ். பேப்பர்காரங்க கியாஸ்னு போட்டு ஒரு மாதிரி சமாளிக்கிறாங்க, ஆனா வாயால யாரு கியாஸ்னு சொல்றா?

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது. ஐசியூல தமனி ரத்தம் எடுத்து ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்ளோ இருக்குன்னு பாக்குற டெஸ்ட்டை நாங்க சுருக்கமா கேஸ்னுதான் சொல்லுவோம். ராத்திரி எடுத்த சாம்பிள் உறைஞ்சு போச்சு. கூட இருந்த தமிழ்க்கார டாக்டர் கதவைத் தொறந்துக்கிட்டே என்கிட்ட "அந்த ஏழாம் நம்பர் கேஸ் போச்சு, வேற எடுக்கணும்"னார். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த ஏழாம் நம்பர் பேஷண்ட்டோட மகன் அப்படியே கீழ உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டான். அப்பா உள்ள நல்லாத்தான் இருக்காரு. அதை அவனுக்குப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆச்சு. இன்னொரு வார்டுல குடல் ஆபரேஷன் முடிஞ்ச திருநெல்வேலிப் பாட்டிகிட்ட சர்ஜன் "கேஸ் பாஸ் ஹுவா க்யா?"ன்னு கேக்க, அந்தப் பாட்டி என்னைப் பாத்து, "இன்னும் வரலம்மா, மருமக புக் பண்ணி பத்து நாளாச்சு"ன்னுச்சு. காத்து பிரிஞ்சுதான்னு கேட்டிருந்தா ஒரு நொடில பதில் வந்திருக்கும்.

இந்த வார்த்தையை உண்டாக்குனவரு வான் ஹெல்மான்ட்னு 17-ஆம் நூற்றாண்டு பிளெமிஷ் வேதியியல்காரர். கேயாஸ்ங்கிற கிரேக்கச் சொல்லை வெச்சு உண்டாக்குனாரு, இப்ப அதுக்கு குழப்பம்னு அர்த்தம். அந்தப் பக்கம் பாத்தா நம்மூர்ல அது சரியாத்தான் வேலை பாக்குது, எங்க போனாலும் குழப்பம்தான்.

ஆனா சிரிச்சுட்டு விட முடியாத ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்காரனோட கேஸ் வேற, நம்ம வாயில வர்ற கேஸ் வேற. நமக்கு ஏற்கனவே வாயுன்னு ஒண்ணு இருந்துச்சு. சித்த வைத்தியத்துல வளி, அழல், ஐயம்னு மூணுல ஒண்ணு அந்த வளி, உடம்பு பூரா ஓடுற சமாச்சாரம். அதனால முதுகு புடிச்சாலும் வாய்வு, முட்டி வலிச்சாலும் வாய்வு, தோள்ல குத்துனாலும் வாய்வு. அந்த வாயுதான் இப்ப கேஸ்னு சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு. மும்பைல ஹிந்திக்காரங்க "கேஸ் ஹோ கயா"ம்பாங்க, மராத்திக்காரங்க "கேஸ் ஜாலா"ம்பாங்க, எல்லாருக்கும் இதே கதைதான். பழைய வைத்தியத்தைக் குறை சொல்ல வரல, அதுக்குன்னு தனிக் கணக்கு உண்டு. நிஜமான கேஸ் குடலுக்குள்ள இருக்கிறது, முழுங்குன காத்தும் சாப்பாடு நொதிக்கிறதுல வர்றதும். அது ஏப்பமா மேல வரும், இல்ல கீழ போகும், அங்கருந்து கெளம்பி இடது கைக்குப் போகாது, தாடைக்கும் ஏறாது.

அப்புறம் எப்படி ஈனோ குடிச்சா லேசாகுதுன்னு கேப்பீங்க. சோடா உப்பும் சிட்ரிக் ஆசிடும் தண்ணில சேந்து பொங்குறப்ப உண்டாகுறதே கார்பன் டை ஆக்சைடு கேஸ்தான். நீங்களே உள்ள ஊத்துன கேஸ் ஏப்பமா திரும்ப வருது, பாத்தியா கேஸ் வெளிய போயிடுச்சுன்னு மனசுக்கு ஒரு நிம்மதி. அதுல புளிப்பு குறையும், உண்மைதான். ஆனா ஏப்பம் வந்துச்சு, வலி குறைஞ்சுச்சுங்கிறதை வெச்சு அட்டாக் இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத்து மேலதான் இதயத்தோட அடிப்பக்கம் உக்காந்திருக்கு, அதுக்கு நேர் கீழ இரைப்பை. ரெண்டோட வலியும் கிட்டத்தட்ட ஒரே நரம்பு வழியாப் போறதால மூளைக்கே சரியா அடையாளம் தெரியாது. ஆசிட் எரிச்சலுக்கு இங்கிலீஷ்காரன் ஹார்ட்பர்ன்னு பேர் வெச்சான், நாம நெஞ்செரிச்சல்னோம், ரெண்டு பேருமே தடுமாறியிருக்கோம். சுகர் உள்ளவங்களுக்கு நரம்பு மரத்துப் போய் வலியே தெரியாம மூச்சு வாங்குறது, வேர்க்கிறது மட்டும் இருக்கலாம். பொம்பளைங்களுக்கு வாந்தி, தாடை வலி, காரணமே இல்லாத அசதின்னு வரலாம்.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சதை விட பட்டுத் தெரிஞ்சதுதான் அதிகம். கிளினிக் போட்ட ரெண்டாவது வருஷம், அறுபது வயசு அக்கா ஒருத்தங்க, முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, வாந்தி, தாடை வலி. அவங்க கேஸ்னாங்க, நானும் சீட்டுல அதையே எழுதி ஆசிட் குறைக்கிற பான்டோப்ரசோல் ஊசி போட்டேன். தெம்பாயிடுச்சும்மான்னு சிரிச்சுக்கிட்டே நடந்துதான் போனாங்க. மறுநாள் காலைல அவங்க பேரன் கிளினிக் வாசல்ல நின்னான், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாம. அப்ப என்கிட்ட ஈசிஜி மெஷின் கிடையாது. அடுத்த மாசம் கடன் வாங்கி வாங்கினேன்.

அதனால டாக்டர்கிட்ட வரும்போது நோய்ப் பேரைச் சொல்லாதீங்க, என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க. அடைக்குதா, எரியுதா, பிசையுதா, எப்ப ஆரம்பிச்சது, மாடிப்படி ஏறுனா கூடுதா, உக்காந்தா குறையுதா, வேர்த்துச்சா. தொப்புள்ல இருந்து தாடை வரைக்கும் எங்கயாவது புதுசா ஒரு அழுத்தம் வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் விடாம இருந்து, கூட வேர்வையோ வாந்தியோ மூச்சு வாங்குறதோ இருந்தா மெடிக்கல்ல போய் கேஸ் மாத்திரை கேக்காதீங்க, 108-க்கு அடிங்க, இல்ல கிடைச்ச வண்டில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல் ஈசிஜி நார்மலா வந்தாலும் உடனே கெளம்பிடாதீங்க, சில சமயம் கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கிறதுலயும் இதயத் தசை அடிபட்டிருக்கான்னு காட்டுற ட்ரோபோனின் ரத்த டெஸ்ட்லயும்தான் மாட்டும்.

போன ஜனவரில உல்டாவா ஒண்ணு நடந்துச்சு. ஒரு அம்மா போன்ல, "பொண்ணு பாத்ரூம்ல மயங்கிட்டா டாக்டர், கேஸ் ப்ராப்ளம்"னாங்க. நானும் பழக்க தோஷத்துல என்ன சாப்ட்டான்னு கேட்டுத் தொலைச்சேன். சாப்பாடு இல்ல டாக்டர், கேஸ் கீசர்னாங்க, சிலிண்டர் கேஸ்ல எரிஞ்சு குளிக்கத் தண்ணி காய்ச்சுற மெஷின். ஜன்னலைச் சாத்திக்கிட்டு கேஸ் கீசர் போட்டா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையும் கிடையாது நெறமும் கிடையாது, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல ரத்தத்துல ஒட்டிக்கும். சிலிண்டர்ல நாத்தத்துக்குன்னே மெர்காப்டன் கலக்குறாங்க, அது கசிஞ்சா மூக்கு காட்டிக் குடுத்துடும். இது எரிஞ்சதுக்கு அப்புறம் வர்றது, மூக்குக்குத் தெரியாது. வெளிய தூக்கிட்டு வந்து காத்தோட்டமாப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வார்த்தையே கீசர்னு சொல்லுங்கன்னேன். பிழைச்சுட்டா.

அண்ணாச்சிக்கு அடைச்ச ரத்தக் குழாயைத் தொறந்து வெக்கிற ஸ்டென்ட் வெச்சாங்க. இப்ப சைக்கிள் இல்ல, வீட்டு வாசல்லயே கடை. யாராவது கேஸுன்னு சொன்னாப் போதும், டாக்டரம்மாகிட்ட ஈசிஜி கம்பி வெச்சுப் பாத்துட்டு வாடேன்னு என்கிட்ட தொரத்தி விட்டுடுறாரு. போன வாரம் மட்டும் மூணு பேர், மூணு பேருக்குமே ஈசிஜி நார்மல், ரத்த டெஸ்ட்டும் நார்மல், நிஜமாவே கேஸ்தான். அதுல ஒருத்தர் முந்நூறு ரூபா வேஸ்ட்டுன்னு முனகிக்கிட்டே படி எறங்குனாரு. முனகட்டும்.