காரில் கம்ப்யூட்டர் வைக்கும் முன் மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள்

காரில் வைத்த கம்ப்யூட்டர் போர்டில் மறுபடியும் அதே கருகல். பவர் நுழைகிற மூலையில் சிப் நடுவில் பிளந்திருக்கும், பக்கத்துக் காயிலைச் சுற்றிப் பழுப்பு வளையம். போர்டைக் கொண்டுவருபவர் சொல்வதும் மாறுவதில்லை: "கார் பேட்டரி 12 வோல்ட், போர்டும் 12 வோல்ட், அதான் நேராவே கொடுத்துட்டேன்."

அந்த 12 வெறும் பெயருக்குத்தான் ஐயா. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் மீட்டரைப் பிடியுங்கள். முழு சார்ஜில் 12.6, 12.7 காட்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் தர விதிப்படி 12 வோல்ட் லைன் 12.6-ஐத் தாண்டக் கூடாது. வண்டி சும்மா நிற்கும்போதே மேல் எல்லையைத் தொட்டாயிற்று! இப்போது எஞ்சினை ஓடவிடுங்கள்: 13.8 முதல் 14.7 வரை. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும் நொடியில் 9-க்கு விழும். குளிரில், பழைய பேட்டரியில் 6 வரைகூடப் போகும். சாதாரண மீட்டர் அவ்வளவு வேகமாகக் காட்டாது என்பதால் யாரும் இதை நம்புவதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும்.

"7812 ரெகுலேட்டர் போட்டிருக்கேன் சார்" என்பது அடுத்த ரகம். 7812 என்பது 12 வோல்ட் தரும் சின்ன மூன்று கால் சிப். அது சரியாக 12 கொடுக்க உள்ளே ஏறத்தாழ 14 வோல்ட் வர வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது அது தருவது பத்தரை வோல்ட் போல. கரண்டோ ஒரு ஆம்பியர், மிஞ்சினால் ஒன்றரை. அதை வைத்து கம்ப்யூட்டர் ஓட்டுவதா?

இவையெல்லாம் தினசரி நடப்பவை. போர்டைக் கொல்வது வேறு. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை கழன்றால், ஆல்டர்னேட்டர் சட்டென்று அடங்காது, வோல்டேஜ் எகிறும். வண்டி மின்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரத்தில், 12 வோல்ட் வண்டிக்கு இந்த எகிறலின் சோதனை அளவு 79 முதல் 101 வோல்ட், 40 முதல் 400 மில்லிசெகண்ட். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே தடுப்பு டயோடு இருந்தால் 35 வோல்ட் அளவில் அடங்கும். எஞ்சின் ஓடும்போதே நெகட்டிவ் முனையைக் கழற்றி 'ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதா' என்று பார்க்கும் மெக்கானிக்குகளே, கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். மீட்டர் 13.8-க்கு மேல் காட்டினால் வேலை செய்கிறது. லாரி பேட்டரியிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் 24 வோல்ட் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வண்டிக்கென்றே செய்த டிசி-டிசி பவர் சப்ளை வாங்குங்கள். உள்ளே 6 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் வெளியே நிலையான 12-ஐக் கொடுக்க வேண்டும், எம்4-ஏடிஎக்ஸ் என்ற மாடல் அப்படிப்பட்டது. பார்வைக்குச் சின்னதாக இருக்கும் சாதா பிகோ பிஎஸ்யு என்ற பவர் சப்ளை, 12 வோல்ட் லைனில் வருவதை அப்படியே போர்டுக்குக் கடத்திவிடும் வகை, ஏமாறாதீர்கள். பவர் சப்ளைக்கு முன்னால், ஃபியூஸுக்குப் பின்னால் ஒரு டிவிஎஸ் டயோடு (எகிறும் வோல்டேஜை விழுங்கும் பாகம்): எஸ்எம்8எஸ்24ஏ போல வண்டிக்கென்றே வரும் பெரிய உருப்படி. 400 வாட் எஸ்எம்ஏஜே என்ற சின்ன டயோடு வகை ஒரே அடியில் வெடிக்கும். 15 வோல்ட் டயோடு போட்டால் ஜம்ப் ஸ்டார்ட்டில் அதுவே கருகும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கி, அதை மறுபடி அடாப்டரில் இறக்குவது சுற்றுவழி. இரண்டு முறை மாற்றும்போதும் மின்சாரம் சூடாக வீணாகும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் விழுந்தால் இன்வெர்ட்டர் கையை விரித்துவிடும்.

வயரிங்கில் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். வோல்டேஜ் குறையக் குறைய பவர் சப்ளை அதிகக் கரண்ட் இழுக்கும். 60 வாட் கம்ப்யூட்டர் 14 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குள், 6 வோல்ட்டில் 11 ஆம்பியர். ஆக 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 5 மீட்டர் ஓட வேண்டுமென்றால் 4 சதுர மில்லிமீட்டர். அசல் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் சூடாகும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்! கம்ப்யூட்டர் பக்கம் வைத்தால், எஞ்சின் அறைத் தகட்டில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அந்த ஃபியூஸுக்குச் சேதியே தெரியாது. தகட்டு ஓட்டையில் வயர் உரசாமல் ரப்பர் வளையம் (குரோமெட்). எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல்வாஷர் வைத்து முடுக்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட் போனுக்குப் போதும்.

பவரை நிரந்தர பாசிட்டிவிலிருந்து எடுங்கள். சாவிக்குப் பின் வரும் ஏசிசி வயரைத் தகவலுக்கு மட்டும் வையுங்கள். பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதில் மின்சாரம் நின்றுபோகும். சாவி அணைந்ததும் பவர் சப்ளை சிறிது காத்திருந்து, பவர் பட்டனை அழுத்துவது போல சிக்னல் கொடுத்து, சிஸ்டம் மூடியபின் மின்சாரத்தை நிறுத்தும். பட்டனுக்கு 'ஷட்டவுன்' என்று சிஸ்டத்தில் அமைத்திருக்கிறீர்களா? 'ஸ்லீப்' என்று விட்டுவிட்டு பேட்டரியைத் திட்டாதீர்கள். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் எஸ்டி கார்டை எழுத முடியாத நிலைக்கு மாற்றிவிடுங்கள். படக்கென்று பவர் போகும்போது முதலில் சாவது அதுதான்.

45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, 22 என்று வையுங்கள். அணையாமல் 30 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 9 மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். வெறும் 50 மில்லிஆம்பியர் கசிவே 18 நாளில் தீர்க்கும். கசிவை அளக்க மீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரி வயரோடு தொடரில் இணைத்து, வண்டியைப் பூட்டி அரைமணி கழித்துப் பாருங்கள். மீட்டர் அப்படியே இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். 11.5 வோல்ட்டில் தானாக வெட்டும் வசதி கட்டாயம்.

டாஷ்போர்டின் மேல் எதையும் வைக்காதீர்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி போடுங்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, ஆகவே பழைய லேப்டாப்பைப் பொருத்துவதானால் பேட்டரியைக் கழற்றிவிட்டே பொருத்துங்கள். சீட்டுக்கு அடியில் வைப்பவர்கள் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள்; ஏசி தண்ணீர் கசிந்தால் முதலில் அங்கேதான் தேங்கும்.