நிஷாதம் இறங்குகிறதா? காதைக் குறை சொல்லும் முன்...

பதினோரு வயதுப் பெண். பாட்டு டீச்சர் சொல்லி அம்மா கூட்டி வந்திருந்தார். "சங்கராபரண ராக வர்ணம் பாடுறப்போ நிஷாதம், அதான் 'நி', இறங்கி இறங்கிப் போகுது சார். காதுல ஏதாவது கோளாறா இருக்குமோன்னு டீச்சருக்குச் சந்தேகம்." அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. 'உனக்குச் சுருதி நிற்காது' என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், எத்தனையோ பிள்ளைகள் அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக இதைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சோதித்தேன். இரண்டு காதிலும் 10 டெசிபலிலேயே கை தூக்கினாள். காது பழுதில்லை. பிறகு பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. இவள் ஹாலில் ஐந்து கட்டையில், அதாவது கீபோர்டின் ஜி-யை ஸா-வாக வைத்து, சாதகம் பண்ணும் நேரத்தில்தான் தம்பி பக்கத்து அறையில் கீபோர்டில் ஸி மேஜர் வாசிக்கிறான். அதாவது ஒரு கட்டை, ஸி-தான் ஸா; சுரங்கள் சங்கராபரணத்துடையவை. அவனுடைய பஞ்சமம் (ப)தான் இவளுடைய ஷட்ஜம் (ஸ). அவன் வாசிக்கும் அதே சுரங்களை அந்தப் பஞ்சமத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: சங்கராபரணம் வராது, ஹரிகாம்போஜி என்ற வேறு ராகம் வரும். காகலி நிஷாதம் இருக்க வேண்டிய இடத்தில், அதைவிட அரைச் சுரம் தாழ்ந்த கைசிகி நிஷாதம். கிரகபேதம் (ஸா-வை இடம் மாற்றி ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றைக் காட்டுவது) கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாள் தவறாமல் ஒரு மணி நேரம் அந்தக் கைசிகி காதில் விழ, குரல் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது.

உட்செவியிலுள்ள காக்ளியா அதிர்வெண்ணைப் பிரித்து மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் 'இது எந்தச் சுரம்' என்று தீர்மானிப்பது மூளை. முன்னால் என்ன ஒலித்தது, அடியில் எந்தச் சுருதி ஒலிக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறது. அவளுக்கே ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினேன். ஐந்து கட்டைத் தம்புராவை ஓடவிட்டு, 262 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கேட்க வைத்தேன். "மா. கீழே இறங்கணும்போல இருக்கு" என்றாள். தம்புராவை ஒரு கட்டைக்கு மாற்றிவிட்டு அதே ஒலி. "ஸா. நின்னுடுச்சு." இரண்டும் ஒன்றேதான் என்று திரையில் எண்ணைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

இல்லாத ஒலியைக்கூட மூளை கேட்கும். ஐந்து கட்டையில் மந்தர ஷட்ஜம் (கீழ் ஸ்தாயி ஸா) ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். தம்புராவைப் போனில் ஓடவிட்டால், அதன் சின்ன ஸ்பீக்கரில் இந்த ஒலி வெளியே வருவதே அரிது. 294, 392, 490 என்று 98-இன் மடங்குகளாக மேலே உள்ள இணை ஒலிகள்தான் வருகின்றன. அவற்றுக்கு இடையே உள்ள 98 என்ற இடைவெளியை வைத்து மூளை அடிஒலியைத் தானே கட்டிக்கொள்கிறது. சத்தமான ஹாலில் அந்த இணை ஒலிகளும் அமுங்கிப் போனால், பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பாடும்? போனை நல்ல ஸ்பீக்கரில் இணைத்துக் கொடுங்கள்.

இசையை மூளை கேட்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் டயானா டாய்ச் 1970-இல் காட்டிய ஒன்றும் இங்கே உதவும். ஒரு சுரத்தைக் கேட்டு மனதில் வைத்திருக்கும்போது நடுவில் எண்களைச் சொன்னால் அந்த நினைவு பெரிதாகக் கலைவதில்லை. வேறு சுரங்கள் ஒலித்தால் கலைந்துவிடுகிறது. சாதக நேரத்தில் டிவி செய்தியைவிட டிவி பாட்டுதான் பெரிய இடைஞ்சல். தம்பியின் நேரத்தை மாலைக்கு மாற்றச் சொன்னேன். டீச்சருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், செவித்திறன் இயல்பு என்று.

காதையே சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. ஒரே சுரம் இரண்டு காதிலும் வேறு வேறு சுருதியில் கேட்டாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். நாள் கடத்தினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின் மாத்திரையால் சிலருக்கு எல்லாச் சுரமும் அரைச் சுரம் அளவுக்கு இறங்கிக் கேட்பதுண்டு. அப்படி இருந்தால் மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.