ஊழல் இல்லாத ஊரிலும் வங்கி விழும்

பொருளாதாரம் சரிந்ததும் "எவனோ அடிச்சுட்டான்" என்று முடித்துவிடுகிறோம். ஐஸ்லாந்தைப் பாருங்கள், நம் ராமேஸ்வரத்தைப்போல் அதுவும் மீன்பிடிக்குப் பேர்போன இடம்தான். 2005இல், ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் பட்டியலில் உலகிலேயே ஊழல் குறைந்த நாடு. 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. அவற்றின் சொத்து நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. பிறகு சில வங்கியாளர்கள் சிறைக்குப் போனது உண்மை. ஆனால் கடன் வாங்கி அந்த அளவுக்கு ஊதியதைச் சட்டம் தடுக்கவில்லை.

ராமேஸ்வரம் விசைப்படகுக் கணக்கில் இது இன்னும் தெளிவு. ஒரு பேச்சுக்கு, படகு 30 லட்சம்; சொந்தப் பணம் 6 லட்சம், மீதி வங்கிக் கடனும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும். முன்பணம் வாங்கினால் இறாலை அவருக்கே போடவேண்டும், அவர் சொல்வதுதான் விலை. இறால் நல்ல விலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரும் படகு கட்டுவார், இன்ஜின் சக்தியைக் கூட்டுவார். யார் மேலும் தப்பில்லை. ஆனால் பாக் விரிகுடா பெரிதாகப் போவதில்லை. பாடு, அதாவது கிடைக்கும் மீன், குறையும்; டீசலும் வட்டியும் குறையாது. தவணை கட்ட ஒவ்வொருவரும் கூடுதலாக மடிவலை இழுப்பார், அதனாலேயே பாடு இன்னும் விழும். நாலு பேர் ஒரே மாதத்தில் படகை விற்க வந்தால் 30 லட்சம் 24 ஆகிவிடும். சொந்தப் பணம் அதோடு காலி. இதில் திருடன் யார்?

2008இல் திவாலான லேமன் பிரதர்ஸ் வங்கியிலும் இதே கணக்குதான், இன்னும் மெல்லிய சொந்த முதலோடு: 1 டாலர் சொந்த முதலுக்குச் சுமார் 30 டாலர் சொத்து. விலை 4 சதவீதம் இறங்கினாலே முதல் போச்சு. 'ரெப்போ 105' என்ற கணக்குத் தந்திரத்தால் கடனைக் குறைத்துக் காட்டியது வேறு சங்கதி. நோயை மறைத்ததே தவிர உண்டாக்கவில்லை. ஊழலின் வேலை பெரும்பாலும் அதுதான்: மறைப்பது, நட்டத்தை வேறொருவர் தலையில் கட்டுவது.

ஹைமன் மின்ஸ்கி என்ற பொருளியலாளர் கடனாளிகளை மூன்றாகப் பிரித்தார்: வருமானத்தில் அசலும் வட்டியும் கட்டுபவர், வட்டி மட்டும் கட்டுபவர், வட்டிக்கே புதுக்கடன் வாங்குபவர். நல்ல காலம் நீள நீள, முதல் வகையினர் அடுத்த வகைகளுக்கு நகர்வார்கள் என்றார்.

படகு வைத்திருக்கும் நீங்கள் எந்த வகை என்று பார்க்க, நல்ல மாதத்து வரவை 12ஆல் பெருக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் வட்டி ஓடும். படகு விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியதாக வைத்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். வியாபாரி தந்த முன்பணத்தைக் கடன் பக்கம் எழுதுங்கள். வரவில் எழுதி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.