வாடகைக்கு வரி போட்டால் அது நிலத்துக்குப் போட்ட வரியா?

1895-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வருமான வரிச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. தனிநபர்களைப் பொறுத்தவரை வரி என்னவோ ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் 2 சதவீதம். அதைக் கவிழ்த்தது அரசியல் சாசனத்தில் இருந்த ஒரு பழைய கணக்கு.

'நேரடி வரி' எதுவானாலும் மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துத்தான் வசூலிக்க வேண்டும் என்கிறது சாசனம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்கள்தொகை சமமான இரண்டு மாநிலங்கள். ஒவ்வொன்றும் 1,000 டாலர் தர வேண்டும். ஒன்றில் வரி கட்டக்கூடியவர்கள் 100 பேர், ஆளுக்கு 10 டாலர். ஏழை மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் 10 பேர்தான், ஆளுக்கு 100 டாலர். ஒரே சம்பாத்தியத்துக்குப் பத்து மடங்கு வரி! இப்படி எந்த அரசும் வசூலிக்க முடியாது. 'நேரடி வரி' என்று முத்திரை விழுந்தாலே வருமான வரியின் கதை முடிந்தது.

1881-இல் இதே நீதிமன்றம், உள்நாட்டுப் போர்க்கால வருமான வரி நேரடி வரி அல்ல என்று தீர்ப்பளித்திருந்தது. அப்புறம்தான் நியூயார்க் நிறுவனம் ஒன்றில் பத்துப் பங்குகள் வைத்திருந்த சார்லஸ் பொல்லாக், தன் நிறுவனம் இந்தப் புதிய 2 சதவீத வரியைக் கட்டக்கூடாது என்று வழக்குப் போட்டார்.

தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லரின் வாதம் இதுதான்: நிலவரி நேரடி வரி, ஆகவே நிலத்தின் வாடகைக்குப் போடும் வரியும் நேரடி வரியே. தேங்காய்க்குப் போட்டாலும் அது தென்னைக்குப் போட்டதுதான் என்கிற மாதிரி. ஏப்ரலில் வாடகை விஷயம் முடிந்தது; மற்ற முக்கியக் கேள்விகளில் எட்டு நீதிபதிகள் நான்குக்கு நான்காகப் பிரிந்தார்கள். ஒன்பதாமவர் ஹோவெல் ஜாக்சன் காசநோயில் படுத்திருந்தார். மறுவிசாரணைக்கு அந்த உடம்போடு வாஷிங்டன் வந்து, வரி செல்லும் என்றே வாக்களித்தார். அப்படியும் மே 20 அன்று 5-க்கு 4 என்று வரி தோற்றது. முன்பு ஆதரித்த யாரோ ஒருவர் மாறியிருக்க வேண்டும். அது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆகஸ்டில் ஜாக்சன் இறந்துபோனார்.

வட்டி, ஈவுத்தொகை மீதான வரியும் நேரடி வரி என்றது மே மாதத் தீர்ப்பு. சம்பளத்தின் மீதான வரியை அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் விட்டுவைத்தால் உழைப்பவர் தலையில் மட்டும் பாரம் விழும் என்று சட்டம் முழுவதையுமே ரத்து செய்தார்கள். சொத்துக்காரர்களை விலக்கிவிட்டு அதையே காரணமாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

1913-இல் வந்த 16-ஆவது திருத்தம், எந்த வழியில் வந்த வருமானத்துக்கும் பங்கு பிரிக்காமல் வரி போடலாம் என்றது. மற்ற நேரடி வரிகளுக்குப் பழைய விதி அப்படியே இருக்கிறது. பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு வரி போடலாமா என்ற பேச்சு அங்கே எழும்போதெல்லாம், முதலில் குறுக்கே நிற்பது அந்தக் கணக்குதான்.