மீன் தொட்டிக்குக் கேன் தண்ணீர் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்

“நாங்க குடிக்கிற தண்ணியத்தான் சார் ஊத்துறோம்!” தொட்டிப் பராமரிப்புக்குப் போகும் வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரம் வேளச்சேரியில் ஒரு வீடு, தொட்டியில் கேன் தண்ணீர். கோல்டு ஃபிஷ்கள் சோர்ந்து அடியில் கிடக்கின்றன என்று பயந்து, தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு போர் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள். விடிவதற்குள் எல்லாம் மிதந்துவிட்டன. “போர் தண்ணிதான் கொன்னுடுச்சு” என்றார் வீட்டுக்காரர்.

கேஹெச், அதாவது அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையை அளக்கும் கிட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. நீலம் எந்தச் சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் கணக்கு. போர் தண்ணீர் 14 சொட்டு வாங்கியது. கேன் தண்ணீர் முதல் சொட்டிலேயே மஞ்சள்.

நமக்குச் சுத்தமான தண்ணீர் மீனுக்கும் நல்லது என்ற எண்ணத்தை யார் விதைத்தார்களோ! கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மிஷின் உப்போடு சேர்த்து பைகார்பனேட்டையும் வடித்துவிடுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியாக்கள் மாற்றும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்குவது இந்த பைகார்பனேட், அதாவது காரத்தன்மை. அது தீர்ந்தால் பிஹெச் சரிந்து தண்ணீர் அமிலமாகும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையே ஏறக்குறைய நின்றுவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், ஆனால் அமிலத் தண்ணீரில் அதன் விஷம் குறைவு. அந்த நேரத்தில் பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியா அப்படியே விஷமாக மாறும். வேளச்சேரியில் நடந்தது இதுதான். போர் தண்ணீர்மேல் தப்பில்லை.

டிடிஎஸ் பேனாவைக் காட்டி “எல்லாம் கரெக்டா இருக்கு” என்பவர்களுக்கு: அது மொத்த உப்பைத்தான் சொல்லும், காரத்தன்மையைச் சொல்லாது. திருவான்மியூர் பக்கம் கடல் உப்பு ஏறிய கிணற்றிலும் எண் எகிறும். பிஹெச் குறைக்கிற பாட்டிலும் வேண்டாம். கேஹெச் அதிகமுள்ள தண்ணீரில் இன்று இறங்கிய பிஹெச் நாளையே மேலே வந்துவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில் மீன்தான் அவதிப்படும்.

கோல்டு ஃபிஷ், கப்பி, மாலிக்கு உப்புக் கரிக்காத போர் தண்ணீரே போதும். கேஹெச் 4-லிருந்து 8 வரை இருந்தால் நிம்மதி. 14 என்றால் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்.ஓ. கலந்தால் 5-க்குப் பக்கத்தில் வரும். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் கணக்கு வேறு, அவர்களுக்கு இது தெரியும். மெட்ரோ, லாரி தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தை ஊற்ற மறக்காதீர்கள்.

ஏற்கெனவே கேன் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவரா? பதறாதீர்கள். முதலில் அம்மோனியா பாருங்கள். அது இருந்தால் கேஹெச்சை ஏற்றாதீர்கள். தீனியை நிறுத்தி, அதே கேன் தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அம்மோனியாவை இறக்குங்கள். அப்புறம் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு, கலந்த தண்ணீர். போர் வசதியே இல்லாத வீட்டில் ஆப்ப சோடா போதும்: 100 லிட்டருக்கு 3 கிராம் ஒரு டிகிரி ஏற்றும். தனியே கரைத்து ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் அல்ல, சலவை சோடாவும் அல்ல. அதையும் ஒருவர் போட்டுவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார்.